துறைமுக முனையம் வரப்போகும் ஊருக்கு எந்த அளவுக் கருவி உதவும்?

சரக்குக் கப்பல் முனையம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் கரையோர ஊர்களில் முதலில் வாங்கப்படுவது காற்றுத் தரம் காட்டும் சின்ன சென்சார்தான். சுவரில் மாட்டி வைஃபை கொடுத்தால் போனில் எண் வந்துவிடும். அதனால் அதன்மேல் எல்லாருக்கும் ஒரு கண். ஆனால் முனையத்தால் ஊருக்கு வரும் கெடுதிகளில் பாதிக்கு மேல் அந்தச் சென்சாரின் பார்வைக்கே வராது. நிலக்கரித் தூசு, கரை அரிப்பு, தூர்வாரும்போது கலங்கும் நீர், நங்கூரமிட்ட கப்பலின் இரவு உறுமல் என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கருவி வேண்டும். அவற்றில் மிக உருப்படியான சில, ஊர்த் தச்சரே செய்து தரக்கூடியவை.

இங்கே ஒவ்வொரு கருவியையும் மூன்று கேள்வி வைத்துப் பார்த்திருக்கிறோம். முதல் தூண் இறங்குவதற்கு முன் இருந்த நிலையை அது காட்டுமா? திட்டக்காரர் தரப்பு நிபுணர் குறுக்குக் கேள்வி கேட்டால் அந்த எண் நிற்குமா? வேலைவெட்டி உள்ள ஊர்மக்களால் ஓராண்டு விடாமல் அதை ஓட்ட முடியுமா? மூன்றாவது கேள்வியில்தான் பல விலையுயர்ந்த கருவிகள் தோற்கின்றன.

முதலிடம் இரண்டு மரக்கம்புகளுக்கு. கடலியலாளர் எமெரி 1961இல் எழுதிவைத்த முறை இது. கடற்கரை ஆய்வாளர்கள் இன்றும் கைவிடவில்லை. ஒரே உயரத்தில் இரண்டு நேரான சட்டங்கள், ஒவ்வொன்றும் 1.5 மீட்டர். உச்சியைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் கோடு போட வேண்டும். அடியில் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றை ஆணியடித்துவிட்டால் மணலில் புதையாது. இரண்டு கம்புக்கும் இடையே எப்போதும் ஒரே தூரம் இருக்க 2 மீட்டர் சட்டமோ மெல்லிய சங்கிலியோ போதும். கயிறு வேண்டாம், நனைந்து காய்ந்தால் நீளம் மாறிவிடும்.

அளப்பதற்கு மூன்று பேர் வேண்டும்: இருவர் கம்பு பிடிக்க, ஒருவர் எழுத. மணல் கடலை நோக்கிச் சரியும் இடத்தில், கரைப்பக்கம் நிற்பவர் கடல்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் சேரும்வரை கண்ணை இறக்க வேண்டும். அப்போது தன் கம்பில் கண்ணுக்கு நேரே உள்ள எண் எதுவோ, அதுதான் அந்த 2 மீட்டரில் மணல் இறங்கிய அளவு. 14 என்றால் 14 செ.மீ. இறக்கம். இடையில் மணல் மேடாக ஏறினால், தன் கம்பின் உச்சியில் கண்ணை வைத்துத் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு முன்னால் உள்ள கம்பை எங்கே வெட்டுகிறதோ அந்த எண் ஏற்றம். எழுதுபவர் இறக்கத்துக்குக் கழித்தல் குறி, ஏற்றத்துக்குக் கூட்டல் குறி போட்டுக்கொண்டே வர வேண்டும். அடுத்த அளவுக்கு நகரும்போது பின்னால் உள்ள கம்பு முன்னால் இருந்த கம்பின் குழிக்கே வர வேண்டும், அரை அடி தள்ளி வைத்தாலும் கணக்கு போச்சு. இப்படியே போய் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிறுத்தலாம்.

இந்த முறையில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. தொடங்கும் புள்ளி அசையாததாக இருக்க வேண்டும். பழைய கட்டடத்தின் அடித்தளமோ பெரும்பாறையோ நல்லது. மரத்தையோ வேலிக்கல்லையோ நம்பித் தொடங்கினால் அடுத்த ஆண்டு அந்தக் கல்லே இருக்காது. மூடுபனியில் தொடுவானம் தெரியாத நாளில் அளக்கக் கூடாது. பூமி வளைந்திருப்பதால் தொடுவானம் உண்மையான கிடைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். 100 மீட்டர் நீளக் கரையில் இது சில சென்டிமீட்டர் பிழை தரும். எதிர்த்தரப்பு நிபுணர் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அதே புள்ளியிலிருந்து, அதே ஆட்களை வைத்து அளந்தால் அந்தப் பிழை ஏறக்குறைய அதே அளவில்தான் வரும். இரண்டு மாத அளவுகளின் வித்தியாசத்தில் அது பெரும்பாலும் கழிந்துவிடும். இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும்.

ஏன் இதற்கு முதலிடம்? கரையை ஒட்டி மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாய்ந்து வரும் அலை மணலை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டு போகும். முனையத்துக்காகக் கட்டும் அலைத்தடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தின் குறுக்கே நிற்கிறது. மணல் வரும் பக்கம் கரை அகலும். மணல் போய்ச் சேர வேண்டிய பக்கம் பட்டினி கிடந்து கரையும். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றதும் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அப்போது முந்தைய நிலையை மாதாமாதம் அளந்து வைத்த கரையோர ஊர் எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. இன்று இரண்டு கம்பு இருந்தால் எந்த ஊரும் அதைச் செய்யலாம்.

மாதம் ஒரு முறை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் வேளையில் அளக்க வேண்டும். குறைந்தது 12 மாதம். கரை இயல்பாகவே ஒரு பருவத்தில் கரைந்து, மறு பருவத்தில் திரும்பச் சேரும். ஆகவே ஜூன் அளவை டிசம்பர் அளவோடு ஒப்பிட்டு ‘அரித்துவிட்டது’ என்று சொன்னால் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவோம். ஜூனை ஜூனோடுதான் ஒப்பிட வேண்டும். சுவர் வரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் சில கிலோமீட்டர்வரை இப்படி அளக்கும் கோடுகள் இருக்க வேண்டும். பல ஊர்கள் தங்கள் ஊருக்கு நேரே மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகின்றன. அரிப்பு பக்கத்து ஊரில்தான் தொடங்கும்.

கம்புக்குத் துணையாகச் செயற்கைக்கோள் படங்கள். கோபர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படங்கள் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 30 மீட்டர் புள்ளியில் 1980களிலிருந்து கிடைக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுக் கரைக்கோட்டை உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம் என்பது பெரிய வரம். குறை என்னவென்றால், படத்தில் தெரிவது நீர் விளிம்பு, கரை அல்ல. 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில் நீர் 1 மீட்டர் ஏறினால் விளிம்பு 20 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் இரண்டு படத்தை அருகருகே வைத்து அரிப்பு என்று காட்டும் ஓர் அறிக்கையும் தேறாது, எந்தத் தரப்பு கொண்டுவந்தாலும் சரி. கரை அதிகம் கரையும் மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். அப்போது சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போக வேண்டும். அதைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் தேவை.

அடுத்தது தூசு. நிலக்கரி, தாது, சிமென்ட் கிளிங்கர் கையாளும் முனையம் என்றால் மக்கள் கண்ணில் படுவது மொட்டைமாடியிலும் காயப்போட்ட துணியிலும் படியும் தூசுதான். அந்தப் படிவை அளக்கும் கருவி ஒரு புனலும் ஒரு புட்டியும் மட்டுமே. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தரம் 3580.10.1 இதை விரிவாகச் சொல்கிறது: 150 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிப் புனல், தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம், ஒரு தவணைக்கு 30 நாள். புட்டியில் சேர்ந்த நீரை வடிகட்டி, வடிதாளில் நின்ற கரையாத பொருளை உலர்த்தி எடை போட்டு, சதுர மீட்டருக்கு மாதத்துக்கு எத்தனை கிராம் என்று சொல்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஆண்டுச் சராசரி வரம்பாக 4 கிராமும், ஒரு திட்டம் கூடுதலாகச் சேர்க்கும் தூசுக்கு 2 கிராமும் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் தனி வரம்பு இல்லாவிட்டாலும் ஒப்பிட ஓர் எண் கிடைக்கிறது.

இந்த அளவைக் கிட்ட வைத்துப் பாருங்கள். 150 மி.மீ. புனலின் வாய்ப்பரப்பு 0.0177 சதுர மீட்டர். 4 கிராம் வரம்பு என்பது அந்தப் புனலில் ஒரு மாதத்தில் விழும் 70 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. நகைக்கடைத் தராசு போதாது; 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ காட்டும் ஆய்வகத் தராசு வேண்டும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் அது இருக்கும். ஒரு வண்டு விழுந்து ஊறிக்கிடந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதும் இதிலிருந்து புரியும். அதனால் வடிகட்டுவதற்கு முன் 1 மி.மீ. சல்லடையில் விட்டு இலை, பூச்சியை எடுத்துவிட வேண்டும். பறவை வந்து உட்காராதபடி புனல் விளிம்பைச் சுற்றிக் கம்பி முட்கள் வைக்கலாம். எச்சம் விழுந்த மாதத்தின் அளவை ஒதுக்கிவிட்டு, ஏன் ஒதுக்கினோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் புட்டி நிரம்பி வழிவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 5 லிட்டர் புட்டி சுமார் 280 மி.மீ. மழைக்குத் தாங்கும். அதற்கு மேல் பெய்யும் ஊரில் 10 லிட்டர் புட்டி வையுங்கள், இல்லையென்றால் நடுவில் மாற்றி இரண்டையும் சேர்த்து வடிகட்டுங்கள். வெயில் பட்டால் புட்டியில் பாசி பிடித்து எடை கூடும். கறுப்புத் துணி சுற்றினால் குறையும். ஆய்வகங்கள் பாசியைத் தடுக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் எட்டாத இடம் என்றால் மட்டும் செய்யலாம், சேர்த்ததை ஆய்வகத்துக்குச் சொல்லியாக வேண்டும். கடலோரத்தில் உப்பு நிறைய விழும். கரையாத பொருளை மட்டும் எடை போடுவதால் உப்பு நீரோடு போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் ‘மொத்தப் படிவு’ என்று எடை போட்டால் உப்பையும் தூசாகக் கணக்குக் காட்டிவிடுவோம், அதுவே நம் தரவை உடைக்கப் போதும்.

எடை மட்டும் போதாது, என்ன தூசு என்பதுதான் விவாதம். வடிதாளை உலையில் எரித்தால் எரிந்துபோன பங்கும் சாம்பல் பங்கும் தனியாகத் தெரியும். மண் பெரும்பாலும் சாம்பலாக நிற்கும், நிலக்கரி பெரும்பகுதி எரிந்துபோகும். ஆனால் மகரந்தமும் பூச்சித்தூளும் டயர் ரப்பரும்கூட எரியும். ஆகவே கடைசிச் சொல் நுண்ணோக்கிக்குத்தான். உடைந்த நிலக்கரித் துகளுக்குக் கூர் விளிம்பு, கண்ணாடிச் சில் போல மினுக்கும் முகம். டயர்த் துகள் திரித்த திரி மாதிரி நீண்டு மங்கலாக இருக்கும். டீசல் புகை மொத்தையாக, பஞ்சு போல. ஒரு வடிதாளைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எரிக்காமல் உறையில் போட்டு, தேதி எழுதி, வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு ஆய்வகம் அதைப் பார்க்கலாம். திட்டம் வருமுன் எடுத்த, கறுப்புத் துகளே இல்லாத ஒரு வடிதாளுக்கு ஈடான சாட்சி வேறில்லை.

இப்போது அந்த மின்னணுச் சென்சார். பர்ப்பிள்ஏர் போன்றவற்றின் உள்ளே இருப்பது பிளான்டவர் நிறுவனத்தின் லேசர் துகள்மானி. சிறு விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறும், சிதறலை வைத்துப் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளின் அளவைக் கணக்கிடும். வெளிப்புற மாடலில் இரண்டு மானிகள் அருகருகே இருப்பது நல்ல ஏற்பாடு: இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று பழுது, அல்லது சிலந்தி கூடு கட்டிவிட்டது.

கடலோரத்தில் இதன் முதல் பகை ஈரப்பதம். உப்புத் துகள் ஈரத்தை உறிஞ்சிப் பெருத்துவிடும், பெருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், எண் எகிறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு ஒரு திருத்தம் வைத்திருக்கிறது: சென்சார் எண்ணை 0.524 ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டை 0.0862 ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். ஈரப்பதம் 85 விழுக்காடு, சென்சார் 60 காட்டுகிறது என்றால் திருத்திய எண் சுமார் 30. பாதி! திருத்தாத 60ஐப் பதாகையில் அச்சடித்துக் கூட்டத்தில் பிடித்தால் அடுத்த நிமிடமே அது உடையும். இந்தத் திருத்தமும் அமெரிக்கத் தரவில் பிறந்தது. அரசுக் கண்காணிப்பு நிலையம் ஒன்றின் அருகே சில வாரம் வைத்து ஒப்பிட்டு, உங்கள் ஊருக்கான திருத்தத்தைக் கண்டுகொள்வதே சரி.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. திரையில் பி.எம். 10 (10 மைக்ரான்வரை உள்ள துகள்) என்றும் ஓர் எண் வரும். அதை நம்பாதீர்கள். பெரிய துகளை அந்தச் சின்ன விசிறி உள்ளே இழுப்பது குறைவு. அந்த எண் பெரும்பாலும் சிறிய துகளை வைத்துச் செய்த ஊகம். நிலக்கரிக் குவியலிலிருந்து காற்றில் பறப்பது முக்கியமாகப் பெரிய துகள். மொட்டைமாடி கறுத்துக்கொண்டிருக்கும்போதே சென்சார் பச்சை காட்டும். அந்தப் பச்சையை நாளைக்கு முனையக்காரரே ‘உங்கள் சென்சாரே சொல்கிறதே’ என்று எடுத்து வைப்பார். நிலக்கரி, தாது போல அள்ளிக் கொட்டும் சரக்கு முனையத்துக்கு எதிராகத் தூசுத் தரவு சேர்க்க இந்தச் சென்சாரை மட்டும் வாங்குவது நமக்கு நாமே குழி தோண்டுவது. இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல மனத்தோடு நன்கொடை திரட்டி இதையே பத்து வாங்கும் ஊர்கள் இருக்கின்றன.

கன்டெய்னர் முனையம், லாரிகள் வரிசையில் நிற்கும் சாலை என்றால் ஓரளவு பயன் உண்டு. அங்கேயும் புதிதாக வெளிவரும் டீசல் கரியில் பெரும்பாலான துகள் 0.3 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் லேசருக்குத் தப்பிவிடும். எந்திரப் புகைக்கு நைட்ரஜன் டைஆக்சைடே நல்ல அடையாளம். 2020 ஜனவரி 1 முதல் உலகளவில் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டதால் கந்தக டைஆக்சைடைப் பிடிப்பது முன்னைவிடக் கடினம். நைட்ரஜன் டைஆக்சைடுக்குப் பால்ம்ஸ் குழாய் என்ற விரல் நீளக் குழாய் இருக்கிறது. ஒரு முனையில் ட்ரைஎத்தனாலமைன் தடவிய வலை, மறுமுனை திறப்பு கீழ்நோக்கி. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. விளக்குக் கம்பத்தில் 2 முதல் 4 மீட்டர் உயரத்தில் கட்டி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மூடி போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் சராசரி கிடைக்கும். ஒரே இடத்தில் மூன்று குழாய், திறக்காத வெற்றுக் குழாய் ஒன்று: இந்த நான்கும் இல்லாத முடிவுக்கு மதிப்பில்லை. பிழை 25 விழுக்காடுவரை இருக்கலாம் என்றாலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவான 10 மைக்ரோகிராமுக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லப் போதும். ஒரு மணி நேர உச்சத்தை இது காட்டாது.

நீருக்கு, செக்கி வட்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865இல் பயன்படுத்தியது. கடலுக்கு 30 செ.மீ. வெள்ளை வட்டு. நடுவில் துளை, அளவு போட்ட நீளாத கயிறு, அடியில் எடை. எடை குறைந்தால் நீரோட்டம் வட்டைச் சாய்த்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கம் இறக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி கழற்றிவிட்டு. மறையும் ஆழத்தையும், தூக்கும்போது திரும்பத் தெரியும் ஆழத்தையும் எழுதிச் சராசரி எடுக்க வேண்டும். தரை தெரியும் ஆழமற்ற இடத்தில் இது வேலைக்காகாது; அங்கே கலங்கல் குழாய்தான் (நீர் ஊற்றி, அடியில் உள்ள குறி எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்க்கும் தெளிவான குழாய்).

வெறும் வட்டுதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒளி நீருக்குள் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை 1.7ஐ வட்டு ஆழத்தால் வகுத்து மதிப்பிடலாம். வட்டு 3 மீட்டரில் மறைந்தால், 4 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கடற்புல்லுக்கு மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ 10 விழுக்காடு போய்ச் சேரும். தூர்வாரும் கலங்கலால் வட்டு 2 மீட்டரிலேயே மறையத் தொடங்கினால் அதே புல்லுக்கு 3 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டிய ஒளிதான். பல கடற்புல் வகைகள் பிழைக்கச் சுமார் 10 விழுக்காடாவது வேண்டும். ஒரு மீட்டர் வித்தியாசம் ஒரு புல்வெளியின் உயிர். இறாலும் குஞ்சு மீனும் வளர்வது அந்தப் புல்லில்தான் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூர்வாரத் தொடங்கியபின் அளந்தால் இந்தக் கணக்கில் முதல் எண்ணே இருக்காது. வாரம் இரண்டு முறை, ஏற்றத்தில் ஒன்று வற்றத்தில் ஒன்று, மழை பெய்து ஆறு கலங்கிய நாளும் சேர்த்து அளந்து வைத்தால், பின்னால் ‘இது இயற்கையான கலங்கல்’ என்ற வாதத்துக்கு நம்மிடம் எண் இருக்கும்.

ஒலிக்கு போன் செயலி போதுமா? பகல் லாரி இரைச்சலை ஓரளவு காட்டும். துறையில் நிற்கும் கப்பல் மின்சாரத்துக்காகத் துணை எந்திரத்தை இரவெல்லாம் ஓட்டும்; அது ஜன்னலை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலி. போன் மைக்கு அதைச் சரியாகப் பிடிக்காது. மனிதக் காதைப் பின்பற்றும் வழக்கமான ‘ஏ’ அளவீடு 63 ஹெர்ட்ஸ் ஒலியை 26 டெசிபல் குறைத்துக் காட்டும்; ‘சி’ அளவீடு தாழ்ந்த ஒலியை அப்படிக் குறைக்காது. ஆகவே ‘ஏ’, ‘சி’ இரண்டு அளவீடும் உள்ள, ஐ.இ.சி. 61672 தரத்தில் இரண்டாம் வகுப்புக் கருவியும், 94 டெசிபல் அளவுதிருத்தியும் வாங்குங்கள். ‘சி’ எண் ‘ஏ’ எண்ணைவிட 15, 20 டெசிபல் கூடுதலாக இருந்தால் தாழ்ந்த ஒலி இருக்கிறது என்று அர்த்தம். அலை இரைச்சலே ஒரு பின்னணி என்பதால் முனையம் இல்லாத இப்போதே, இரவு 10 முதல் காலை 6 வரை, அமைதியான கடல் நாளிலும் கொந்தளிப்பான நாளிலும் அளந்து வைக்க வேண்டும். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அந்த அளவை எடுக்காதீர்கள், நுரைத்தொப்பி போட்டிருந்தாலும்.

மரைன் டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற கப்பல் தடம் காட்டும் தளங்களின் இலவசப் பக்கமே நமக்குப் போதும். மொத்தக் கொள்ளளவு எண் (கிராஸ் டன்னேஜ்) 300ம் அதற்கு மேலும் உள்ள, பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்கள் தம் இடத்தை ஒலிபரப்பியாக வேண்டும். உங்கள் ஊருக்கு வரப்போகும் முனையத்தின் அளவே உள்ள வேறொரு முனையத்தைத் தேர்ந்து, இரண்டு மாதம் தினமும் ஒரே நேரத்தில் துறையில் எத்தனை, வெளியே நங்கூரத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். பல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் துறையில் நிற்கும் கப்பலின் புகையை மட்டும் கணக்கிட்டு, வெளியே காத்திருக்கும் கப்பலை விட்டுவிடுகின்றன. அதை இந்த எண்ணிக்கை ஒன்றே அம்பலமாக்கும். சேருமிடம் என்று காட்டுவது கப்பலில் கையால் தட்டியது, அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். சிறிய மீன்பிடிப் படகுகள் இந்தத் தளங்களில் பெரும்பாலும் தெரியாது. வரைபடம் வெறுமையாக இருப்பதைக் காட்டி ‘இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை’ என்று யாராவது சொன்னால் உடனே மறுக்க வேண்டும். படகுகள் போகும் பாதையை ஜி.பி.எஸ்.ஸில் பதிந்து வைப்பதுதான் பதில்.

கப்பல் நிலையாக நிற்க அடியில் நிரப்பிக்கொண்டு வரும் சமநிலை நீரோடு வரும் அயல் உயிரினங்களுக்கு ஊரில் வைத்து அளக்கும் கருவி இல்லை. பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்திருந்தாலும் அதன் சோதனை ஆய்வக வேலை. ஆனால் சுமார் 15 செ.மீ. சதுர பி.வி.சி. தகடுகளை 1 மீட்டர் ஆழத்தில் மூன்று மாதம் தொங்கவிட்டு, ஒட்டி வளர்ந்தவற்றைப் படம் எடுத்து வைக்கலாம். இன்று எது இங்கே இல்லை என்பதற்கு அது பதிவு. உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது ஒன்று கவனிக்கவும்: அருகிவரும் இனங்களின் இடத்தைத் தளம் தானே மறைத்துவிடும், சரியான அட்சரேகை தீர்க்கரேகையை உங்கள் கோப்பில் தனியே வைத்திருங்கள்.

எந்தக் கருவி வாங்கினாலும், முனையத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில், அதே மாதிரிக் கரையும் காற்றும் உள்ள ஒப்பீட்டு இடம் ஒன்றில் அதே அளவை எடுக்காவிட்டால் பாதி உழைப்பு வீண். அந்த ஆண்டு புயல் வந்து எங்கும் கரை அரித்திருந்தால், நம் கரை அதைவிட எவ்வளவு கூடுதலாக அரித்தது என்று சொல்ல ஒப்பீட்டு இடம்தான் வழி. பதிவேடு பக்க எண் போட்ட நோட்டாக இருக்கட்டும். பென்சிலில் எழுதுங்கள், தண்ணீரில் மை அழியும். தவறான எண்ணை ரப்பர் போட்டு அழிக்காமல் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதி, இருவர் கையெழுத்து. அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று பேர் போனில்.

கருத்துக்கேட்புக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் தொட வேண்டாம். நாளைக்கே கம்பு செய்து, சுவர் வரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கோடும் ஒப்பீட்டு இடத்தில் ஒரு கோடும் அளந்துவிடுங்கள், அடுத்த மாதம் மறுபடி. நான்கு தூசுப் புனல், இரண்டு தவணை: முனையத்திலிருந்து ஊர்ப்பக்கம் காற்று அடிக்கும் திசையில் மூன்று, ஒப்பீட்டு இடத்தில் ஒன்று. செக்கி வட்டைக் கடலுக்குப் போகும் படகு ஒன்றிடம் கொடுத்துவிடுங்கள். மீதி நேரத்தில் லேண்ட்சாட் படங்களை ஏற்றவற்ற அட்டவணையோடு சேர்த்துப் பார்த்து, தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் அடிநிலைத் தரவு (திட்டத்துக்கு முந்தைய நிலையின் அளவுகள்) எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். மழைக்காலம் விடுபட்டிருந்தால் அதையே முதல் எழுத்துப்பூர்வ ஆட்சேபமாக வையுங்கள், உங்கள் வட்டு எண்களை இணைத்து.